தட்டைத் துணி, உருண்ட உடம்பு

ஒரு மீட்டர் துணியைத் தரையில் விரித்துப் போடுங்கள். சுருக்கமே இல்லாமல் படிந்து கிடக்கும். அதையே எடுத்து உங்கள் தோளில் போர்த்திப் பாருங்கள். கழுத்தருகே மடிப்பு விழும், அக்குளில் துணி மூட்டை கட்டும், முதுகில் ஒரு பக்கம் தொங்கும். துணி தட்டையானது, நம் உடம்போ உருண்டையானது. இந்த இரண்டையும் எப்படிப் பொருத்துவது என்பதுதான் தையற்காரர் தினமும் போடும் கணக்கு. சித்திரை வெயிலுக்கு ஏற்ற தளர்வான பருத்தி டாப்ஸ் ஒன்று தைப்பதாக வைத்துக்கொண்டு நாமும் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பாவாடையோடும் பேன்ட்டோடும் சேருகிற, வீட்டிலும் வெளியிலும் போடுகிற ஒரு டாப்ஸ்.

ஏன் பருத்தி? பருத்தி இழை செல்லுலோஸால் ஆனது. நீர் மூலக்கூறுகள் ஒட்டிக்கொள்ள அதில் நிறைய இடம் உண்டு. நன்றாக உலர்ந்த 100 கிராம் பருத்தி, சாதாரண ஈரக்காற்றிலிருந்தே 8 கிராம் வரை நீராவியை இழுத்துக்கொள்ளும். அதே 100 கிராம் பாலியஸ்டர் அரை கிராம்கூட எடுக்காது. பருத்தி நம் வியர்வையை உறிஞ்சிப் பரப்புகிறது. அது ஆவியாகும்போது உடம்பின் வெப்பத்தையும் கொண்டுபோகிறது. துணிக்கும் தோலுக்கும் நடுவே காற்று போய்வர வேண்டும் என்பதால்தான் தளர்வாகத் தைக்கிறோம்.

கடையிலிருந்து வந்த துணியை உடனே வெட்டிவிடக் கூடாது. ஒருமுறை நனைத்துக் காயப்போட வேண்டும். காரணம் இதுதான். தறியில் நீளவாக்கில் போகும் பாவு நூல்களை விறைப்பாக இழுத்துக் கட்டித்தான் நெய்கிறார்கள். அந்த இழுவையில் ஒரு பகுதி துணிக்குள்ளேயே தங்கிவிடுகிறது. துணியைத் தண்ணீரில் போட்டதும் இழைகள் நீரைக் குடித்துப் பருக்கின்றன. நெசவில் ஒவ்வொரு நூலும் எதிரே வரும் நூல்களின் மேலும் கீழும் ஏறி இறங்கித்தானே போகிறது? ஏறிக் கடக்க வேண்டிய நூல் பருத்துவிட்டால் வளைவு கூடும். வளைவு கூடினால் துணியின் நீளம் குறையும். நூல் எங்கேயும் போய்விடவில்லை, முன்னைவிட அதிகமாக நெளிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இதை நீங்களே அளக்கலாம். புதுப் பருத்தித் துணித் துண்டில் 20 செ.மீ. பக்கமுள்ள சதுரம் ஒன்றை அழியாத மையால் வரையுங்கள். துவைத்து, காயவைத்து, மறுபடி அளந்து பாருங்கள். ஒரு பக்கம் 19 செ.மீ. ஆகியிருந்தால் சுருக்கம் 5 சதவீதம். 60 செ.மீ. நீளத்துக்குத் தைத்த டாப்ஸ் முதல் சலவையிலேயே 3 செ.மீ. குட்டையாகிவிடும்! இரண்டு பக்கங்களும் ஒரே அளவு சுருங்கினவா என்றும் கவனியுங்கள்.

இப்போது துணியை மூன்று விதமாக இழுத்துப் பார்க்கலாம். முதலில் கரைக்கு இணையாக, அதாவது பாவு போகும் திசையில் இழுங்கள். துணி அசைந்து கொடுக்காது. அடுத்து குறுக்கே, ஊடை போகும் திசையில். கொஞ்சம் கொடுக்கும். கடைசியாக மூலைக்கு மூலை பிடித்து இழுங்கள். அதே பருத்தித் துணி பனியன் துணி மாதிரி நீளும்! கையை விட்டால் ஏறக்குறைய பழைய நிலைக்கு வரும்.

நேராக இழுக்கும்போது நீங்கள் நூலையே இழுக்கிறீர்கள், பருத்தி நூல் எளிதில் நீளாது. மூலைவாக்கில் இழுக்கும்போது எந்த நூலும் நீள வேண்டியதில்லை. நூல்கள் குறுக்கிடும் இடத்தில் லேசாகத் திரும்பினால் போதும், சதுரக் கட்டம் சாய்சதுரமாகச் சரிந்துவிடும். நான்கு ஐஸ் குச்சிகளை மூலைகளில் குண்டூசியால் கோத்து ஒரு சதுரம் செய்யுங்கள். எதிர் மூலைகளை இழுத்துப் பார்த்தால், குச்சி நீளாமலே சதுரம் நீள்வது தெரியும்.

இந்தச் சரிவைத் தையற்காரர்கள் கழுத்துப் பட்டிக்குப் பயன்படுத்துகிறார்கள். 1 செ.மீ. அகலமுள்ள பட்டியை வட்டமாக வளைத்தால், அதன் வெளி ஓரம் உள் ஓரத்தைவிட எவ்வளவு நீளமாக இருக்க வேண்டும்? 2 × 3.14 × 1, அதாவது 6 செ.மீ.க்கும் மேல். கழுத்து பெரிதாக இருந்தாலும் சிறிதாக இருந்தாலும் இந்த வித்தியாசம் மாறாது. நேராக வெட்டிய பட்டியின் இரு ஓரங்களும் ஒரே நீளம், அதனால் அது சுருங்கித் தூக்கிக்கொண்டு நிற்கும். மூலைவாக்கில் வெட்டிய பட்டிக்கு ஓர் ஓரம் நீளவும் மறு ஓரம் குறுகவும் முடியும். அதனால் அது வளைவில் ஒழுங்காகப் படியும். தையல் கடையில் ‘கிராஸ் பீஸ்’ என்று கேட்டால் இந்தப் பட்டியைத்தான் எடுத்துக் காட்டுவார்கள்.

பாரிஸில் 1912இல் தன் பெயரில் ஆடையகம் திறந்த மதலேன் வியோனே என்ற பெண்மணி, பட்டியோடு நிற்காமல் முழு ஆடையையே மூலைவாக்கில் வெட்டினார். சிறிய மரப்பொம்மை ஒன்றின்மேல் துணியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துத்தான் புது ஆடைகளை உருவாக்குவார். அவருடைய ஆடைகள் உடம்பின் வளைவுக்குத் தாமாகவே படிந்தன. துணியை இவ்வளவு நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் குறைவு என்பேன். ஆனால் நம் டாப்ஸின் முன் துண்டையும் பின் துண்டையும் கரைக்கு இணையாகவே வெட்டுவோம். கோணலாக வெட்டினால் துவைக்கத் துவைக்க ஒரு பக்கம் இறங்கிவிடும்.

கை வைக்கும் இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. உடம்பு ஒரு பெரிய குழாய், கை ஒரு சின்னக் குழாய். சின்னக் குழாய் பெரியதோடு சாய்வாகப் போய்ச் சேருகிறது. அப்படியானால், தட்டைத் துணியில் கைத்துண்டின் மேல் ஓரத்தை எந்த வடிவத்தில் வெட்டுவது? ஒரு வெள்ளரிக்காயைச் சுற்றிக் காகிதத்தை இரண்டு மூன்று சுற்றாகச் சுற்றி, பெரியவர் ஒருவரைக் கத்தியால் சாய்வாக ஒரே வெட்டாக வெட்டச் சொல்லுங்கள். வெட்டு நேர்க்கோடுதான். காகிதத்தைப் பிரித்துப் பாருங்கள்: மேடும் பள்ளமுமாக அழகான அலை! கணிதத்தில் இதற்கு சைன் வளைவு என்று பெயர். உயர்நிலை வகுப்புகளில் இதைப் பலகையில் பார்ப்பீர்கள். டாப்ஸின் கைத்துண்டின் மேல் ஓரம் ஏறக்குறைய இந்த அலைதான். மேடு தோளுக்குப் போகும், பள்ளம் அக்குளுக்கு வரும்.

வெட்டும் சாய்வு கூடினால் மேடு உயரும். உயரமான மேடு வைத்துத் தைத்த கை, தொங்கவிட்டு நிற்கும்போது சுருக்கமின்றி அழகாக இருக்கும். ஆனால் பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கினால் சட்டை முழுவதும் மேலே ஏறிவிடும். மேடு தாழ்வாக இருந்தால் அக்குளில் கொஞ்சம் மடிப்பு விழும், ஆனால் ஓடலாம், பந்து வீசலாம். விளையாடுகிற வயதில் தாழ்ந்த மேடுதான் சரி.

துண்டுகளைச் சேர்ப்பது தையல் மிஷினின் வேலை. கைத்தையல் ஊசிக்குக் காது மேல் முனையில் இருக்கும், நூல் முழுவதும் துணிக்குள் போய்வரும். மிஷின் ஊசிக்குக் காது கூர்முனைக்கு அருகில் இருக்கிறது. இத்தகைய ஊசியும் இரண்டு நூல்களும் கொண்ட இயந்திரத்துக்கு 1846இல் அமெரிக்காவின் எலியாஸ் ஹோவ் காப்புரிமை பெற்றார். மிஷின் வைத்திருப்பவரிடம், அடித்தகட்டைத் திறந்து சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றிக்காட்டச் சொல்லுங்கள். ஊசியருகே விரல் வைக்காமல் பாருங்கள். ஊசி கீழே போய் மேலே திரும்பும் நொடியில், துணி நூலை இறுகப் பிடித்திருப்பதால் நூல் உடனே ஏற முடியாமல் ஊசியின் பக்கத்தில் சின்னக் கண்ணியாக உப்பும். கீழேயுள்ள கொக்கி அந்தக் கண்ணிக்குள் நுழைந்து, அதை அகல விரித்து, கீழ் நூல் சுற்றிய பாபினைச் சுற்றிக் கொண்டுபோய் நழுவவிடும். இப்படி மேல் நூல் கீழ் நூலை வளைத்துப் பிடித்துவிடுகிறது. பிறகு மேலேயுள்ள நெம்புகோல் நூலை இழுக்க, பின்னல் துணியின் நடுக்கனத்துக்குள் போய் ஒளிந்துகொள்ளும். மேல் நூல் தளர்ந்திருந்தால் அந்தப் பின்னல் துணியின் அடிப்பக்கத்தில் வளையம் வளையமாகத் தெரியும். தையற்காரர் தைக்கத் தொடங்குமுன் வெட்டுத் துண்டில் நாலு தையல் போட்டுத் திருப்பிப் பார்ப்பது இதற்காகத்தான்.

நீங்கள் தைக்கும் முதல் டாப்ஸுக்குப் புதுத் துணி வாங்க வேண்டாம். வீட்டில் யாரும் கட்டாத பழைய பருத்திப் புடவையோ வேட்டியோ இருந்தால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வெட்டு தவறினாலும் நஷ்டமில்லை. பலமுறை துவைத்த துணி என்பதால் சுருங்க வேண்டியதெல்லாம் முன்பே சுருங்கியிருக்கும்.