மருந்துக்கு முன் வரும் கேள்விகள்

‘எடை என்ன? உயரம் என்ன? பகலில் எவ்வளவு நேரம் படுத்திருப்பீர்கள்? வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுவதுண்டா? முன்பு மஞ்சள் காமாலை வந்ததா? வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்? ஊரிலிருந்து இங்கே வர எத்தனை மணி நேரம் ஆகும்? வீட்டில் தெர்மாமீட்டர் இருக்கிறதா?’

சில ஆண்டுகளுக்கு முன், நிணநீர்க் கணுக்களில் புற்றுநோய் கண்டு, கீமோதெரபி என்னும் வேதிமருந்துச் சிகிச்சைக்குச் சென்ற என் பெரியப்பாவிடம் மருத்துவர் கேட்ட கேள்விகள் இவை. பக்கத்தில் நின்றிருந்த எனக்குப் பொறுமை போயிற்று. கட்டியிலிருந்து சிறு துண்டை எடுத்துச் சோதித்து நோயின் பெயரையும் சொல்லியாயிற்று. இனி மருந்தை ஏற்ற வேண்டியதுதானே? கழுத்திலுள்ள கட்டிக்கும் தெர்மாமீட்டருக்கும் என்ன தொடர்பு? பெரியப்பா வாயைத் திறக்குமுன் நானே முந்திக்கொண்டு, ‘எல்லாம் இருக்கிறது, டாக்டர்’ என்றேன். எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் வெப்பமானிகள் ஏராளம். பெரியப்பா வீட்டில் ஒன்றுகூடக் கிடையாது. அதன் விளைவைப் பிறகு சொல்கிறேன். முதலில், இந்தக் கேள்விகள் ஏன் கேட்கப்படுகின்றன என்று பார்ப்போம்.

தலைவலி மாத்திரையை எண்ணிக்கொள்ளுங்கள். மெலிந்தவரானாலும் பருத்தவரானாலும் பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றைக் கொடுத்துவிடுகிறோம். சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் பெரிய தீங்கில்லை. புற்றுநோய் மருந்துகளின் கதை வேறு. அவற்றின் பிறப்பே நஞ்சிலிருந்துதான். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் குட்மன், கில்மன் ஆகியோர் போர்க்கால நச்சுப் பொருள்களை ஆராய்ந்து வந்தார்கள். 1942இல் அவற்றுள் ஒன்றான நைட்ரஜன் மஸ்டர்டு நிணநீர்ப் புற்றுநோயாளி ஒருவருக்குக் கொடுக்கப்பட்டது, கட்டிகள் கரைந்தன. போர் ரகசியம் என்பதால் 1946வரை இச்செய்தி அச்சேறவில்லை. இதற்கிடையே 1943 டிசம்பர் 2ஆம் நாள் இத்தாலியின் பாரி துறைமுகத்தின்மீது குண்டுவீச்சு நடந்தது. அங்கு நின்ற ஒரு கப்பலிலிருந்து மஸ்டர்டு நஞ்சு கசிந்து பலர் மாண்டனர். பாதிக்கப்பட்டவர்களின் இரத்தத்தில் வெள்ளணுக்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. கட்டியைக் கரைக்கும் அதே பொருள் வெள்ளணுக்களையும் அழிக்கிறது என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

காரணம் எளிது. இம்மருந்துகளுள் பல, விரைந்து பிளவுற்றுப் பெருகும் உயிரணுக்களைத் தாக்குகின்றன. புற்றணுக்கள் அப்படிப் பெருகுபவை. முடியின் வேர், குடலின் உட்சுவர், எலும்பு மஜ்ஜை ஆகிய இடங்களிலும் உயிரணுக்கள் ஓயாமல் பெருகுகின்றன. மருந்துக்கு அடையாளம் காணத் தெரியாது. ஆகவே, நோயைத் தாக்கப் போதிய அளவுக்கும் உடலைக் குலைக்கும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறுகியது. அந்த இடைவெளிக்குள் நிற்கவேண்டுமானால் மருந்தை மட்டும் அளந்தால் போதாது, ஆளையும் அளக்கவேண்டும்.

முதல் அளவு உடலின் மேற்பரப்பு. 1916இல் டூ பாய் என்னும் குடும்பப் பெயர் கொண்ட இருவர் மிகச் சில மனிதர்களின் உடற்பரப்பை அளந்து, எடையையும் உயரத்தையும் கொண்டு பரப்பைக் கணிக்க ஒரு வாய்பாடு தந்தனர். 1987இல் மோஸ்டெல்லர் அதனை எளிமையாக்கினார். உயரத்தைச் சென்டிமீட்டரிலும் எடையைக் கிலோகிராமிலும் எடுத்துப் பெருக்கி, 3600ஆல் வகுத்து, வர்க்கமூலம் காணுங்கள். பரப்பு சதுர மீட்டரில் கிடைக்கும். 160 செ.மீ. உயரமும் 40 கி.கி. எடையும் உள்ளவருக்கு 1.33 சதுர மீட்டர். அதே உயரத்தில் 62.5 கி.கி. எடையுள்ளவருக்கு 1.67. டாக்சோரூபிசின் என்னும் சிவப்பு மருந்தைச் சதுர மீட்டருக்கு 60 மி.கி. என்று கொடுத்தால், முன்னவருக்கு 80 மி.கி., பின்னவருக்கு 100 மி.கி.

இயற்பியல் ஆசிரியன் என்ற முறையில் இந்த வாய்பாட்டில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. தோலின் பரப்பு, உள்ளே கல்லீரல் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லாது. மருத்துவர்களும் இக்குறையை அறிவார்கள். அதனால்தான் கார்போபிளாட்டின் என்ற மருந்துக்கு வேறு வழியைக் கையாளுகிறார்கள். இதைப் பெரும்பாலும் சிறுநீரகமே உடலிலிருந்து வெளியேற்றுகிறது. சிறுநீரகம் நிமிடத்திற்கு எத்தனை மில்லிலிட்டர் இரத்த நீரை வடிகட்டுகிறதோ அந்த எண்ணுடன் 25ஐக் கூட்டி, ஒரு குறிப்பிட்ட எண்ணால் பெருக்கவேண்டும் என்று 1989இல் கால்வெர்ட் குழுவினர் கண்டனர். அந்தப் பெருக்கும் எண்ணை 5 என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது ஒரு கணக்கு. இரண்டு ஆண்கள். ஒருவருக்கு வயது 30, எடை 60 கி.கி. மற்றவருக்கு வயது 70, எடை 45 கி.கி. இரத்தத்தில் கிரியேட்டினின் என்னும் கழிவு இருவருக்கும் 100 மில்லிலிட்டருக்கு 1 மி.கி.தான். ‘இருவர் சிறுநீரகமும் ஒன்றுபோல இருக்கிறது’ என்று சொல்லத் தோன்றும். ஆனால் கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. முதியவருக்குத் தசை குறைவு. கழிவு குறைவாக உண்டாகியும் அளவு 1இல் நிற்கிறதென்றால் வடிகட்டி மந்தமாகிவிட்டது என்றுதான் பொருள். 1976இல் வெளியான காக்கிராஃப்ட்-கால்ட் வாய்பாடு இதனைக் கணக்கில் கொள்கிறது: 140இலிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, கிரியேட்டினின் அளவின் 72 மடங்கால் வகுக்கவேண்டும். இளைஞருக்கு ஏறத்தாழ 92 வரும். முதியவருக்கு 44கூட வராது. மருந்தோ முன்னவருக்கு 580 மி.கி.க்குச் சற்று மேல். பின்னவருக்கு 340 மி.கி. அளவே. வயதைக் கேட்பது படிவத்தை நிரப்ப மட்டுமன்று.

பழைய வரலாறும் அப்படித்தான். டாக்சோரூபிசின் இதயத் தசையைப் பாதிக்கக்கூடியது; வாழ்நாளில் ஏற்றிய மொத்த அளவு கூடக்கூட ஆபத்து ஏறும். முன்பு மார்பில் கதிர்ச் சிகிச்சை பெற்றவருக்கு அந்த ஆபத்து இன்னும் அதிகம். மஞ்சள் காமாலையைப் பற்றிக் கேட்பதற்கும் காரணமுண்டு: ஹெபடைட்டிஸ் பி வைரஸ் சிலர் உடலில் பல ஆண்டுகள் அடங்கியிருந்து, சிகிச்சையால் எதிர்ப்பாற்றல் தளரும்போது மீண்டும் தலைதூக்கும். ‘வேறு மாத்திரை?’ என்ற கேள்விக்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். கீல்வாதத்துக்குச் சாப்பிடும் அலோபியூரினால், இரத்தப் புற்றுக்கான மெர்காப்டோபியூரின் மருந்து உடலில் சிதைவதைத் தடுக்கிறது. இரண்டையும் சேர்த்துச் சாப்பிடவேண்டி வந்தால் பின்னதை வழக்கமான அளவில் மூன்றில் ஒரு பங்கு அல்லது கால் பங்காகக் குறைக்கவேண்டும். நாட்டு மருந்து சாப்பிடுவதைச் சொன்னால் டாக்டர் கோபிப்பார் என்று மறைப்பவர்கள் நம்மிடையே பலர். கோபித்தால் கோபிக்கட்டும், சொல்லிவிடுங்கள்.

பகலில் படுத்திருக்கும் நேரத்தைக் கேட்டது விசாரிப்பு என்று நினைத்தேன். அதுவும் ஓர் அளவீடே. 1940களின் இறுதியில் கார்னாஃப்ஸ்கி என்ற மருத்துவர் நோயாளியின் நடமாட்டத்துக்கு 100இலிருந்து 0வரை மதிப்பெண் இடும் முறையை வகுத்தார். இன்று பரவலாக வழங்கும் மற்றொரு முறையில், விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்குமேல் படுக்கையில் கழிகிறதா என்பது முக்கியமான எல்லைக்கோடு. அதைத் தாண்டியவர்கள் கடுமையான சிகிச்சையைத் தாங்குவது கடினம். எந்தக் கருவியும் வேண்டாத இந்த அளவீட்டை மருத்துவர்கள் இன்றும் விடவில்லை.

இனி தெர்மாமீட்டர். மருந்து ஏற்றி ஏழிலிருந்து பதினான்கு நாட்களுக்குள் பொதுவாக வெள்ளணுக்கள் மிகத் தாழ்ந்துவிடும். கிருமிகளை முதலில் எதிர்க்கும் நியூட்ரோபில் அணுக்கள் ஒரு கன மில்லிமீட்டருக்கு 500க்குக் கீழே இறங்கினால், சாதாரணக் கிருமியும் சில மணி நேரத்தில் இரத்தத்தில் பரவி உயிரை வாங்கலாம். போராட அணுக்கள் இல்லாததால் சீழும் வீக்கமும்கூடத் தெரியாமல் போகலாம். காய்ச்சல் ஒன்றே அடையாளமாக நிற்கும். 38 டிகிரி செல்சியஸ், அதாவது பாரன்ஹீட்டில் 100.4ஐத் தொட்டால் நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் புறப்படவேண்டும்.

பெரியப்பாவுக்குப் பத்தாம் நாள் இரவு உடம்பு சுட்டது. பெரியம்மா தொட்டுப் பார்த்து, ‘லேசாகத்தான் இருக்கிறது’ என்றார். நான் காய்ச்சல் மாத்திரை ஒன்றைக் கொடுத்தேன். உடம்பு குளிர்ந்தது; எல்லோரும் உறங்கினோம். அந்த மாத்திரை அடையாளத்தைத்தான் அழித்தது, கிருமியை அன்று. விடிந்தபோது அவருக்குப் பேச்சுக் குழறியது. மூன்று மணி நேரப் பயணம். பன்னிரண்டு நாள் மருத்துவமனையில் கிடந்து பிழைத்தார். காய்ச்சலைப் பற்றிய அச்சிட்ட தாள் அவ்வளவு நாளும் என் பையில் மடித்தபடியே இருந்தது.

இரண்டாம் சுற்று தள்ளிப்போயிற்று. போனபோது மறுபடியும் அதே கேள்விகள். எடை 6 கிலோ குறைந்திருந்ததால் பரப்பைப் புதிதாகக் கணக்கிட்டார்கள். ‘வீட்டில் தெர்மாமீட்டர் இருக்கிறதா?’ என்று மருத்துவர் கேட்டார். நான் பேசாமல் நின்றேன். பெரியப்பா சட்டைப் பையிலிருந்து அதை எடுத்துக் காட்டினார்.