இரண்டு லீக், ஒரு பந்து – 7: சட்டையில் ஒரு பத்து

1969-ல் அமெரிக்கக் கால்பந்தின் ஏஎஃப்எல் அணிகள் களமிறங்கியபோதே அது லீகின் கடைசி வருடம் என்று எல்லோருக்கும் தெரியும். 1966 ஜூன் 8-ல் அறிவித்த ஒப்பந்தப்படி, பத்து அணிகளும் 1970 முதல் மூத்த லீகான என்எஃப்எல்லில் ஐக்கியமாக வேண்டும். நாள் குறித்தாயிற்று, இனி யார் உயிரைக் கொடுத்து ஆடுவார்கள்?

கான்சாஸ் சிட்டி சீஃப்ஸ் ஆடியது. அதற்குப் பழைய கணக்கு ஒன்று பாக்கி இருந்தது. 1967-ல் முதல் சூப்பர் பவுலில் என்எஃப்எல்லின் கிரீன் பே பேக்கர்ஸிடம் 35-10 என்று உதைபட்ட அணி அது. போன வாரம் பார்த்த, ஏஎஃப்எல்லின் ஜெட்ஸ் பெற்ற சூப்பர் பவுல் வெற்றியையும் குருட்டு அதிர்ஷ்டம் என்று ஒதுக்கியவர்கள் உண்டு.

இரண்டாவது ஆட்டத்திலேயே குவார்ட்டர்பேக் லென் டாசனுக்கு முழங்காலில் அடி. அடுத்த வாரம், அவருக்குப் பதில் இறங்கிய ஜாக்கி லீக்குக் கணுக்கால் முறிந்தது. மூன்றாவது ஆள் மைக் லிவிங்ஸ்டன் அணியைக் கரைசேர்த்தார். 11 வெற்றி, 3 தோல்வி. தோல்விகளில் இரண்டு ஓக்லண்ட் ரெய்டர்ஸிடம். ஆகவே பிரிவில் இரண்டாமிடம்தான். மற்ற வருடங்களில் அத்தோடு மூட்டை கட்டியிருக்க வேண்டும். அந்த வருடம் மட்டும் இரண்டாமிடத்துக்கும் பிளே-ஆஃபில் கதவு திறந்தார்கள்.

டிசம்பர் 20, நியூயார்க் ஷே ஸ்டேடியம். சுழற்றியடிக்கும் காற்று. கடைசிக் கட்டத்தில் சீஃப்ஸ் 6-3 என முன்னிலை. ஜெட்ஸ் கையில் பந்து. எல்லைக்கோட்டுக்கு ஒரே கெஜம். தற்காப்பின் நடுவே நின்ற வில்லி லேனியர் கண்ணில் நீர் வழியச் சகாக்களை உசுப்பினார். மூன்று முறை மோதியும் ஜெட்ஸால் அந்தக் கெஜத்தைத் தாண்ட முடியவில்லை. ஃபீல்டு கோலோடு திருப்திப்பட்டது. அடுத்து, காயம் ஆறித் திரும்பியிருந்த டாசன் வீசிய பந்தை ஓடிஸ் டெய்லர் பிடித்து 61 கெஜம் போனார். முடிவு 13-6.

லேனியர் கறுப்பினத்தவர். தற்காப்புக்கு ‘மூளை’ என்று கருதப்பட்ட அந்த இடத்தைக் கறுப்பருக்குத் தர அன்று அணிகள் தயங்கின. என்எஃப்எல் அதிகம் எட்டிப்பார்க்காத சிறிய கறுப்பினக் கல்லூரிகளில் ஆள் பிடித்தது சீஃப்ஸ். கிராம்ப்ளிங்கிலிருந்து பக் புக்கானன், மார்கன் ஸ்டேட்டிலிருந்து லேனியர், பிரெய்ரி வியூவிலிருந்து டெய்லர். அந்த அணியின் உண்மையான பலம் அங்கேதான் இருந்தது.

ரெய்டர்ஸை மூன்றாம் முறை சந்தித்து 17-7 எனக் கணக்குத் தீர்த்தபின், 1970 ஜனவரி 11-ல் நியூ ஆர்லியன்ஸில் சூப்பர் பவுல். என்எஃப்எல்லின் மினசோட்டா வைக்கிங்ஸ் பன்னிரண்டு புள்ளி வித்தியாசத்திலாவது ஜெயிக்கும் என்பது பந்தயக்காரர்களின் கணக்கு. சீஃப்ஸ் சட்டையில் புதிதாக ஒரு ஒட்டுத்துணி: ‘ஏஎஃப்எல்-10’. லீகின் பத்து வருட வாழ்வுக்கு அடையாளம். பனிச்சறுக்குத் தாண்டலுக்கு உதவித்தொகை பெற்று அமெரிக்கா வந்த நார்வேக்காரர் யான் ஸ்டெனரூட், மூன்று ஃபீல்டு கோல் உதைத்தார். முதலாவது 48 கெஜத்திலிருந்து. 23-7. கோப்பை போய்ச் சேர்ந்தது சீஃப்ஸ் உரிமையாளர் லமார் ஹன்ட்டிடம். 1959-ல் இந்த லீகையே தொடங்கியவர்.

நான்கு சூப்பர் பவுல்களில் இரண்டு லீகுக்கும் ஆளுக்கு இரண்டு. இணைந்த லீகின் முதல் வாரத்தில், செப்டம்பர் 20 அன்று, அதே இரண்டு அணிகளும் மறுபடி மோதின. வைக்கிங்ஸ் 27, சீஃப்ஸ் 10.