கார்த்திகைத் தக்காளிக்காய்: ஒரு வரவு செலவு

அமெரிக்காவிலும் ரஷ்யாவிலும் உறைபனி விழுவதற்கு முன்பே தக்காளியைக் காயாகப் பறித்து, குளிர்காலத்துக்கு ஊறுகாய் போட்டுவிடுவார்கள். செஞ்சியை அடுத்த அவலூர்பேட்டையில் உறைபனி கிடையாது. இங்கே செடியைச் சாய்ப்பது மழை. தமிழகத்தில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மழை சராசரியாக 44 செ.மீ., அதாவது ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, இதே விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் 24 மணி நேரத்தில் 51 செ.மீ. கொட்டியது. மூன்று மாத மழையை மிஞ்சியது ஒரே நாள்.

அப்படி ஒரு மழைக்குப் பிறகு பழம் வெடித்துப்போகும், செங்காய் புள்ளி விழுந்து அழுகும். மிஞ்சுவது பச்சைக் காய்தான். பெரும்பாலும் அதைச் செடியோடு சேர்த்து உழுதுவிடுகிறோம். அது சரியா என்று பார்க்கத்தான் இந்தக் கணக்கு.

100 கிலோ காய் என்று வைத்துக்கொள்வோம். 60 கிலோ முற்றின காய், 30 கிலோ பிஞ்சு, 10 கிலோ அடிபட்டது, அதைக் கழித்துவிடலாம். தோட்டத்துக்குத் தோட்டம் இது மாறும். முற்றினதா பிஞ்சா என்பது மேல்பார்வைக்குத் தெரியாது; பி.கே.எம். 1 என்ற தக்காளி ரகத்துக்குப் பழுத்த பிறகும் காம்படியில் பச்சைத் தோள் இருக்கும். அளவுக்கு ஒரு காயாக எடுத்துக் குறுக்கே அறுத்துப் பாருங்கள். கத்தி விதையையும் சேர்த்து அறுத்தால் பிஞ்சு. விதையைச் சுற்றிக் கொழகொழவென்று கூழ் கட்டி, கத்தி படும்போது விதை வழுக்கி விலகினால் முற்றின காய். பிஞ்சு என்ன செய்தாலும் பழுக்காது, சுருங்கத்தான் செய்யும்.

முதலில் முற்றின காய் 60 கிலோ. துடைத்து, ஈரம் போக நிழலில் உலர்த்தி, வைக்கோல் மேல் ஓரடுக்காகப் பரப்பினால் ஒன்று அல்லது இரண்டு வாரத்தில் பழுக்கும். பழுக்க வைக்கும் எத்திலீன் வாயுவைக் காயே விடுகிறது. 20 முதல் 25 டிகிரி இதற்குத் தோது. 30 டிகிரியைத் தாண்டினால் சிவப்பு நிறமி சரியாக உருவாகாமல் பழம் மஞ்சளாக நின்றுவிடும். கார்த்திகை, மார்கழி நமக்குச் சாதகம். சித்திரையில் இதே வேலை சரிவராது. ஃபிரிட்ஜில் வைப்பதும் தவறு, 10 டிகிரிக்குக் கீழே போனால் காய் பழுக்கும் திறனையே இழந்துவிடும். கார்பைடு கல் பக்கமே போக வேண்டாம். அதை வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டது.

அழுகல் 15 விழுக்காடு கழித்தால் 51 கிலோ பழம். கிலோ 20 ரூபாய் என்றால் 1,020 ரூபாய், 60 ரூபாய் என்றால் 3,060. செலவு வைக்கோலும் ஓர் ஆள் கூலியும். மழையில் செடி சாயும்போதுதான் விலையும் ஏறுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். 2021 நவம்பர் மழையில் சென்னையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது.

அடுத்து பிஞ்சு 30 கிலோ. தொக்குப் போடலாமே என்று எல்லோரும் சொல்வார்கள். ஒரு கிலோ காய்க்கு நல்லெண்ணெய் 200 மி.லி., மிளகாய்த்தூள் 50 கிராம், புளி 40 கிராம், உப்பு 60 கிராம். லிட்டர் 400 ரூபாய் என்று எடுத்தால் எண்ணெய் மட்டும் 80 ரூபாய். மிளகாய்த்தூள் 15, புளி 8, உப்பு ஒன்றரை, கடுகு வெந்தயம் பெருங்காயம் 8, எரிவாயு 10. ஆக 122 ரூபாய் 50 காசு. சுண்டி வருவது சுமார் 700 கிராம், அதாவது கிலோ 175 ரூபாய். இதில் காய்க்கு ஒரு பைசாகூடப் போடவில்லை! செலவில் 65 விழுக்காடு எண்ணெய். நம் பக்கத்து மணிலா (நிலக்கடலை) எண்ணெயை லிட்டர் 220 ரூபாய்க்கு ஊற்றினால் கிலோ 124 ரூபாயாக இறங்கும். ருசி கொஞ்சம் மாறும், ஆனால் கெட்டுவிடாது. (விலையெல்லாம் கணக்குக்காக வைத்தவை, உங்கள் கடை விலையைப் போட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.) 30 கிலோவையும் தொக்காக்க 6 லிட்டர் எண்ணெய் வேண்டும். வெள்ளம் வடியாத வீட்டில் அதற்கு எங்கே போவது?

மாவடு போடுவது போல உப்புநீரில் ஊறப் போடுவது மலிவு. லிட்டர் தண்ணீருக்கு 60 கிராம் உப்பு; 30 லிட்டருக்கு 1.8 கிலோ, 45 ரூபாய். பச்சை மிளகாய், இஞ்சிக்கு 150. காய் நீருக்கு மேலே தலை காட்டாதபடி பாரம் வைத்தால் இரண்டு வாரத்தில் புளித்துவிடும். பிஞ்சில் கசப்பு உண்டு, காரணம் டொமாட்டின் என்ற பொருள். சின்னப் பச்சைக் காயில் கிலோவுக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கும், சிவந்த பழத்தில் 5 அளவுக்கு இறங்கிவிடும். ஊறுகாயாகத் தொட்டுக்கொள்ளப் பாதகமில்லை. கூட்டு வைத்துக் கிண்ணம் கிண்ணமாகச் சாப்பிட முற்றின காய்தான் நல்லது.

வற்றல் போடக் கார்த்திகையில் வெயில் ஏது? அது மாசி, பங்குனியில் விலை விழும்போது செய்யும் வேலை. காயில் 93 விழுக்காடு தண்ணீர். 10 கிலோவுக்கு 100 கிராம் உப்பு சேர்த்துக் காய வைத்தால் 900 கிராம்கூட மிஞ்சாது. ஆனால் காய் கிலோ 5 ரூபாய்க்கு விற்கும் நாளில் வற்றல் கிலோவுக்குச் சரக்குச் செலவு 60 ரூபாய்க்குள் அடங்கும்.

ஆகவே என் தீர்ப்பு: முதலில் பழுக்க வை, பிஞ்சை உப்பில் போடு, தொக்கு வீட்டுக்கு மட்டும் போதும்.

நிவாரணத்தையும் இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பேரிடர் நிவாரண நிதியின் 2022-26 விதிப்படி, 33 விழுக்காட்டுக்கு மேல் சேதமான பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய். சாய்ந்த செடிகளிலிருந்து ஒரு டன் முற்றின காயை மீட்டுப் பழுக்க வைத்து, 850 கிலோவைக் கிலோ 20 ரூபாய்க்கு விற்றாலும் அதே 17,000 வருகிறது. பி.கே.எம். 1 ஹெக்டேருக்கு 30 டன் காய்க்கும் ரகம், அதில் ஒரு டன் என்பது பெரிய ஆசையில்லை.

தோட்டக்கலைத் துறையினருக்கு ஒரு வேண்டுகோள்: மழை விட்டதும் சேதம் கணக்கெடுக்க வரும்போது காலிப் பெட்டிகளையும் கொண்டு வாருங்கள். 14 கிலோ பெட்டியில் ஒரு டன் காய்க்கு 72 பெட்டி போதும்.