ஒயில் கூலர் யாருக்கு?

செல்வச்சந்நிதிக் கோயிலின் ஆவணித் திருவிழாக் காலத்தில் தொண்டைமானாற்று வீதியில் மோட்டார் சைக்கிள் ஓடுவதில்லை, முதல் கியரில் ஊர்கிறது. பழைய ஒற்றைச் சிலிண்டர் வண்டிக்காரருக்கு எஞ்சின் சூடு காலில் உறைப்பது அப்போதுதான். திருவிழா முடிந்த கையோடு கராச்சுக்குப் போய், "அண்ணை, இதுக்கு ஒரு ஒயில் கூலர் போடலாமோ?" என்று கேட்பார். போடலாம். ஆனால் எந்தச் சூட்டுக்குப் பயந்து போடுகிறாரோ அந்தச் சூட்டை அது தணிக்காது. கூலர் என்பது ஒயில் ஓடும் சின்ன ரேடியேற்றர்தான். விசிறி இல்லையென்றால் வண்டி ஓடும்போது அடிக்கும் காற்றுத்தான் அதற்குக் கதி. சனத்துக்கு நடுவில் ஊரும் வண்டிக்கு அந்தக் காற்று எங்கே?

பழைய வண்டியைக் கட்டிக் காப்பது யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் புதிதல்ல. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி தனியாருக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். அதற்கு முன்னம் யுத்தம். 1990களின் பொருளாதாரத் தடைக்குள், சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு உதைத்து, எஞ்சின் பிடித்ததும் மண்ணெண்ணெயில் ஓடிய சனம் இது. மண்ணெண்ணெய்க்கு ஒக்டேன் குறைவு. சிலிண்டருக்குள் தானாகத் தீப்பற்றி பிஸ்டனை இடிக்கும், ஹெட்டின் சூட்டை ஏற்றும். எரியாமல் மிஞ்சியது பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கி ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும். அந்த எஞ்சின்களுக்குக் கூலர் பூட்டியும் பயனிருந்திராது. கெட்டுப்போன ஒயிலைக் குளிர வைத்து என்ன காண்பது?

அந்தக் காலத்தைத் தாண்டி வந்த ஹொண்டா எம்.டி. 90 இன்றும் ஊரில் ஓடுகிறது. ஜப்பானியத் தபால்காரருக்கென்று செய்த வண்டி. சிலிண்டர் முன்பக்கமாகப் படுத்திருப்பதால் ஹெட்டுக்கு நேரே காற்றுப் படும். ஒயில் ஒரு லீற்றருக்கும் குறைவு. இதன் உறவு எஞ்சின்களைக் கொண்ட ஹொண்டா 'மங்கி' வண்டிகளுக்கு டக்கெகாவா, கிற்றாக்கோ போன்ற ஜப்பானிய நிறுவனங்கள் கூலர் செய்து விற்கின்றன. அவற்றை நாடுகிறவர்கள் பெரும்பாலும் சிலிண்டரைப் பெருப்பித்து வலுக் கூட்டியவர்கள். றோயல் என்ஃபீல்ட் 2016இல் 411 சீசீ ஹிமாலயனுக்குக் கூலர் வைத்தது என்றால் அது மலையேறப் பிறந்த வண்டி. யாழ்ப்பாணத்தில் ஏற எந்த மலை?

ஒயிலுக்குப் பொதுவாக உகந்த சூடு 90 முதல் 110 பாகை செல்சியஸ். 130ஐத் தாண்டி நெடுநேரம் நின்றால் மினரல் ஒயில் விரைவாகக் கெடும். குறைந்தாலும் கேடுதான். தொண்டைமானாற்றிலிருந்து வல்வெட்டித்துறைக்குப் போய் மீன் வாங்கித் திரும்பும் வண்டியில் ஒயில் சூடேறி முடியுமுன்னே வீடு வந்துவிடும். எரிதலில் உண்டாகும் ஈரம் ஆவியாகாமல் ஒயிலிலேயே தங்கும். மூடியைக் கழற்றினால் உட்புறத்தில் பால்தேத்தண்ணி நிறத்தில் நுரை ஒட்டியிருக்கும். அந்த வண்டிக்குக் கூலர் பூட்டுவது இருக்கிற வருத்தத்தைக் கூட்டுகிற வேலை.

ஆகவே முதலில் அளக்க வேண்டும். ஒயில் மூடியின் இடத்தில் பூட்டும் வெப்பமானி கிடைக்கிறது. சூடு உண்மையிலேயே அதிகமென்றால், காபரேற்றர் பெற்றோலைக் குறைத்து விடுகிறதா, பற்றவைப்பு பிந்துகிறதா, பிரேக் பிடித்தபடி சுற்றுகிறதா, சிலிண்டர் செதிள்களுக்கு நடுவில் சேறும் ஒயிலும் காய்ந்து அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல வண்டிகளின் வியாதி இங்கேயே பிடிபடும்.

அதற்குப் பிறகும் வேண்டுமென்கிறவர் தெர்மோஸ்ராற் உள்ளதாக வாங்கட்டும். ஒயில் சூடேறும்வரை அது கூலருக்கு வழிவிடாது. பெற்றோல் குழாயை வெட்டி ஒயில் குழாயாக்கும் கெட்டித்தனம் வேண்டாம். சூடும் அழுத்தமும் தாங்கும் குழாய்தான் வேண்டும். ஒற்றைச் சிலிண்டரின் அதிர்வு பொல்லாதது, இறப்பர் புஷ் இல்லாமல் இறுக்கினால் தாங்கி வெடிக்கும். இணைப்புக்குப் புதிய செம்பு வாஷர் போடாமல் விட்டால் ஒயில் கசிந்து பின் ரயரில் படும். வளைவில் அதன் விளைவைச் சொல்லத் தேவையில்லை. பூட்டியதும் எஞ்சினைச் சிறிது ஓடவிட்டு நிறுத்தி, ஒயில் மட்டத்தைத் திரும்பப் பார்த்து ஊற்ற வேண்டும், கூலரும் குழாயும் தங்கள் பங்கை எடுத்திருக்கும். தொண்டைமானாற்றுக்கென்று இன்னொன்றும் உண்டு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் நீரேரி. உப்புக் காற்றில் மெல்லிய அலுமினியச் செதிள் வெள்ளை பூத்து உதிரும். கூலரை நல்ல தண்ணீரால் அடிக்கடி கழுவ வேண்டும்.

ஏ9 வீதியால் கண்டிக்கும் அதற்கு மேலும் பாரத்தோடு ஓடுகிறவர் கூலர் போடலாம். சந்தைக்கும் சந்நிதிக்கும் ஓடுகிறவர் அந்தக் காசில் நல்ல ஒயில் வாங்கி நேரத்துக்கு மாற்றட்டும்.