முன்முயற்சி: ஒரு சொல்லின் பொருளும் பயன்பாடும்

ஆங்கிலத்தில் ‘இனிஷியேற்றிவ்’ என வழங்கும் சொல்லுக்கு ஈடாகத் தமிழில் முன்முயற்சி, முன்னெடுப்பு, முனைப்பு, செயற்றிட்டம் எனப் பல சொற்கள் ஆளப்படுகின்றன. ஒரே பந்தியில் இவற்றை மாறி மாறிக் கையாளும் அறிக்கைகளும் உள. இதனை மொழிபெயர்ப்பாளரின் இடர்ப்பாடு என்று மட்டும் கொள்வது பொருந்தாது. ஒரு செயலைத் தொடங்கியவர் யார் என்னும் வினா இச்சொல்லினுள் அடங்கியுள்ளது. சொல் குழம்புமிடத்து அவ்வினாவும் மறைந்துவிடுகின்றது.

ஆங்கிலச் சொல், தொடக்கம் எனப் பொருள்படும் ‘இனிற்றியம்’ என்னும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. இன்று அது மூன்று பொருள்களில் நிலைபெற்றுள்ளது. பிறர் ஏவாமல் தானே தீர்மானித்து முதலடி எடுத்துவைத்தல் ஒன்று. அவ்வாறு செய்தற்குரிய ஆற்றல் மற்றொன்று. சட்டமொன்றைத் தொடக்கிவைக்கும் உரிமை பிறிதொன்று. போர்க்கலையிலும் சதுரங்கத்திலும் எதிர்த்தரப்பைத் தற்காப்பு நிலையில் வைத்திருத்தலையும் இச்சொல் சுட்டும். இவை அனைத்துக்கும் பொதுவானது, செய்பவர் தாமே கருத்தா என்பதாகும்.

அரசியல் யாப்பில் இப்பொருள் மிகத் தெளிவாகத் துலங்குகின்றது. சுவிற்சர்லாந்தில் 1891 ஆம் ஆண்டு முதல் 50,000 வாக்காளர் ஒப்பமிட்டு யாப்பின் ஒரு பகுதியைத் திருத்துமாறு கோரலாம் என்ற நிலை ஏற்பட்டது. 1977 இல் இத்தொகை 100,000 ஆக உயர்த்தப்பட்டது. அங்கு வினாவை எழுப்புவோர் மக்களே. இலங்கையின் 1978 ஆம் ஆண்டு யாப்பு சர்வசன வாக்கெடுப்பை ஏற்றுக்கொள்கின்றது. ஆயின் அதனைக் கோரும் உரிமையை வாக்காளருக்கு வழங்கவில்லை. பாராளுமன்றத்தின் ஆயுளை நீடிப்பதற்காக 1982 டிசெம்பர் 22 இல் நடைபெற்ற வாக்கெடுப்பில் மக்கள் விடை கூறினர். வினா மேலிருந்தே வந்தது. வாக்குரிமை வேறு, தொடக்க உரிமை வேறு என்பதை இவ்வேறுபாடு உணர்த்தும்.

இனித் தமிழ்ச் சொற்களை நோக்குவோம். ‘முயற்சி’ என்பது உழைப்பைக் குறிக்கும். ஏவலின் பேரிற் செய்யப்படுவதும் முயற்சியே. ‘முன்’ என்னும் அடை சேருமிடத்தே முதலடி என்னும் கருத்து பிறக்கின்றது. பழந்தமிழில் முன்னுதல் என்பது கருதுதலையும், முன்னம் என்பது குறிப்பையும் உணர்த்தின. ஆகவே செயலுக்கு முற்பட்ட கருத்தையும் இவ்வடை நினைவூட்டத்தக்கது. ‘முனைப்பு’ தீவிரத்தைக் காட்டுமேயன்றித் தொடக்கத்தைக் காட்டாது. ‘தன்முனைப்பு’ எனின் சைவ மரபில் தோய்ந்த வாசகர் ஆணவத்தையே எண்ணுவர். நற்சான்றிதழில் ஒரு மாணவரைப் பாராட்ட இச்சொல்லைக் கையாள்பவர் அவரைப் பழித்தவராவார். ‘முன்னெடுத்தல்’ நமது வழக்கில் தொடங்கப்பட்ட ஒன்றைத் தொடர்ந்து நடாத்துதலையே பெரிதும் குறிக்கின்றது. ‘தன்னெழுச்சி’யும் இதற்கு ஈடாகாது. எழுச்சி திட்டமின்றியும் நிகழலாம். முன்முயற்சிக்குத் தீர்மானம் இன்றியமையாதது.

யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் இதற்குத் தக்க சான்றாகும். 1924 இல் மாணவர் காங்கிரசாகத் தோன்றிய அவ்வியக்கம், டொனமூர் யாப்பு முழுச் சுயாட்சியை வழங்கவில்லை என்னும் காரணத்தால் 1931 ஆம் ஆண்டு அரசாங்க சபைத் தேர்தலைப் புறக்கணிக்குமாறு அழைத்தது. வடக்கின் நான்கு தொகுதிகளில் எவரும் போட்டியிடவில்லை. தெற்கின் தலைவர்கள் யாப்பை ஏற்றுத் தேர்தலில் இறங்கினர். 1934 இல் அந்நான்கு தொகுதிகளுக்கும் தேர்தல் நடைபெற்றது. புறக்கணிப்பின் விளைவு குறித்துக் கருத்து வேறுபாடுகள் உள. எனினும் அது முன்முயற்சி என்பதில் ஐயமில்லை. வெற்றி இச்சொல்லின் பொருளில் அடங்குவதன்று. தாமே தீர்மானித்து முதலில் அடியெடுத்து வைத்தமையே இங்கு அளவுகோல்.

அண்மைக் காலங்களில் இச்சொல் திட்டங்களின் பெயராக மாறிவருகின்றது. 1983 இல் ஐக்கிய அமெரிக்கா அறிவித்த விண்வெளிப் பாதுகாப்புத் திட்டம் இப்பெயரைத் தாங்கியது. கடன்சுமை மிக்க வறிய நாடுகளுக்கென 1996 இல் உலக வங்கியும் சர்வதேச நாணய நிதியமும் வகுத்த கடன் தணிப்பு ஏற்பாடும் அவ்வாறே பெயரிடப்பட்டது. பின்னையதில் தொடக்கமும் நிபந்தனையும் கடன் கொடுத்தோரிடம் இருந்தன. அவற்றை நிறைவேற்றுதலே கடன்பட்ட நாடுகளின் பங்காயிற்று. இவற்றைத் தொடங்கியோர் நோக்கில் அப்பெயர் பிழையன்று. ஆனால் யாருடையது என்று கூறாமல் ‘முன்முயற்சி’ என்று மட்டும் எழுதும்போது, பெறுபவரே தொடங்கியவர் போன்ற மயக்கம் உண்டாகின்றது. கிராமத்தவரின் கருத்தைக் கேளாது வகுக்கப்பட்ட திட்டமொன்று ‘கிராம முன்முயற்சி’ எனப் பெயர்பெறுவதும் இம்மயக்கத்தின் பாற்பட்டதே.

எனவே, மேலிருந்து வகுக்கப்படுவதைத் திட்டம் என்றும், சட்டத்தைத் தொடக்கும் உரிமையைத் தொடக்க உரிமை என்றும், தாமே தீர்மானித்து முதலடி வைத்தலை முன்முயற்சி என்றும் வேறுபடுத்தி வழங்குதல் தகும். முன்முயற்சி என்று எழுதுமிடமெல்லாம் அது யாருடையது என்பதையும் உடன் எழுதுதல் வேண்டும். அதனை எழுத இயலாதவிடத்து அச்சொல்லும் பொருந்தாது.