விமானி எதை நம்புகிறார்?



கீழக்குயில்குடியில் சமணர் மலை அடிவாரத்தில் ஒரு மாலை நேரம் நின்று பாருங்கள். மதுரை விமான நிலையத்திலிருந்து எழுந்த விமானம் சில வேளை மேகத்திற்குள் புகுந்து மறைந்துவிடும். ஓசை மட்டும் காதில் விழும். அவ்வோசை கேட்டு அண்ணாந்து பார்க்காதவர் நம்மில் மிகச் சிலரே. துபாயிலோ தம்மாமிலோ கோலாலம்பூரிலோ நம் வீட்டுப் பிள்ளை ஒருவன் இருக்கிறான் அல்லவா?

அண்மையில் ஒரு தாய் என்னிடம் வந்தார். சிறுவயதில் என்னிடம் ஓதிய அவருடைய மகன் விமானிப் பயிற்சியில் சேர்ந்திருக்கிறான். "ஹஜ்ரத், மேகத்துக்குள் போய்விட்டால் கண் தெரியாதாமே! என் மகன் எதை நம்பி ஓட்டுவான்?" என்று கலக்கத்துடன் கேட்டார். கலைப் பாடம் பயின்ற எனக்கு உடனே விடை கூற இயலவில்லை. விடுமுறையில் வந்த அம்மாணவனிடமே பாடம் கேட்டேன். அவனுடைய நூல்களையும் புரட்டினேன். மாணவனிடம் கற்பதில் வெட்கம் என்ன? அறிந்தவற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

உடல் சொல்லும் பொய்

சிறுவர்கள் தட்டாமாலை சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். நின்ற பிறகும் உலகம் சுற்றுவதாகவே அவர்களுக்குத் தோன்றும். நம் உட்செவியில் மூன்று வளைந்த குழல்களும் அவற்றினுள் நீர்மமும் உள்ளன. அந்நீர்மத்தின் அசைவே நாம் சுழல்வதை மூளைக்கு அறிவிக்கிறது. விமானம் ஒரே சீராகத் திரும்பிக்கொண்டே இருந்தால் சிறிது நேரத்தில் அவ்வசைவு அடங்கிவிடும். அப்போது உள்ளே இருப்பவருக்கு நேராகச் செல்வதாகவே தோன்றும். உண்மையில் நேராக்கினாலோ எதிர்ப்பக்கம் சாய்வதாக உடல் கூறும். பகலில் கண் இதனைத் திருத்திவிடும். இருளிலும் மேகத்திலும் திருத்துவதற்கு ஆளில்லை. எனவே பயிற்சி மாணவனுக்கு முதலில் கற்பிப்பது, உன் உடலை நம்பாதே, கருவியைப் பார் என்பதாகும்.

பம்பரமும் காற்றும்

பயிற்சிக்குரிய சிறு விமானத்தில் நெடுங்காலமாக ஆறு கருவிகள் முதன்மையானவை. அவற்றுள் மூன்று காற்றின் அழுத்தத்தைக் கொண்டு இயங்குகின்றன. மூன்று பம்பரத்தின் தன்மையால் இயங்குகின்றன.

இறக்கையின் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் சிறு குழாய் எதிர்க்காற்றை வாங்குகிறது. விமானத்தின் பக்கவாட்டிலுள்ள சிறு துளை அசையாக் காற்றின் அழுத்தத்தை அறிகிறது. இவ்விரண்டின் வேறுபாடே வேகத்தைக் காட்டுகிறது. உயரங்காட்டியினுள் காற்றுப் புகாத மெல்லிய உலோகப் பேழை உண்டு. மேலே செல்லச் செல்ல வெளியழுத்தம் குறைய, அது உப்பி முள்ளை நகர்த்துகிறது. தரையை ஒட்டிய உயரங்களில் ஏறத்தாழ 30 அடிக்கு ஒரு மில்லிபார் அழுத்தம் குறையும். ஆகவே, அன்றைய அழுத்தத்தை 10 மில்லிபார் தவறாகப் பொருத்தினால் உயரம் 300 அடி பிழையாகும். மூன்றாவது கருவி, ஏறும் அல்லது இறங்கும் விரைவைச் சொல்வது.

வேகமாகச் சுழலும் பம்பரம் சாயாது நிற்பதை நாம் அறிவோம். அத்தகைய சுழலி ஒன்று, விமானம் எப்படிச் சாய்ந்தாலும் தன் நிலை மாறாமல் நின்று தொடுவானத்தைக் காட்டுகிறது. மற்றொன்று திசையையும், இன்னொன்று திருப்பத்தையும் உரைக்கின்றன. பல சிறு விமானங்களில் முதல் இரண்டும் எஞ்சினால் இயங்கும் காற்றுறிஞ்சியாலும், திருப்பங்காட்டி மின்சாரத்தாலும் சுழல்கின்றன. ஒன்று நின்றாலும் மற்றது பிழைக்கட்டும் என்ற முன்யோசனையே இதற்குக் காரணம். இன்று பல விமானங்களில் பம்பரத்தின் இடத்தை மின்னணுத் திரைகள் பெற்றுள்ளன. எனினும், மாற்றுக் கருவிகள் அருகில் இருக்கவே செய்கின்றன.

எஞ்சினுக்கும் இதே நெறி

செஸ்னா 172 போன்ற பயிற்சி விமானத்தின் எஞ்சின், நம் தெருவில் ஓடும் மோட்டார் சைக்கிளைப் போலவே உறிஞ்சி, அழுத்தி, எரித்து, வெளியேற்றும் நான்கு கட்ட முறையில் இயங்குகிறது. ஆனால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக்குகள். அவற்றிற்கு மின்பொறி தர இரண்டு மேக்னெட்டோக்கள். பாட்டரி செயலிழந்தாலும் எஞ்சின் நிற்காது. புறப்படுமுன் மாணவன் ஒவ்வொரு மேக்னெட்டோவையும் தனித்தனியே சோதிக்கிறான். சுழற்சி சிறிது குறைந்தால் சரி. மிகுதியாகக் குறைந்தால் பழுது. சிறிதும் குறையாவிட்டாலும் ஐயத்திற்குரியதே. நிறுத்தியதாக எண்ணிய மேக்னெட்டோ உண்மையில் நிற்கவில்லை என்பது அதன் பொருளாகலாம்.

எண்ணெய் அழுத்தம் குறைவதாக முள் காட்டினால் மாணவன் உடனே வெப்பமானியையும் பார்க்க வேண்டும். எண்ணெயின் வெப்பமும் ஏறினால் ஆபத்து மெய். விரைந்து தரையிறங்க வேண்டும். வெப்பம் மாறாதிருந்தால் முள்ளே பிழைபட்டிருக்கலாம். அப்போதும் அருகிலுள்ள நிலையத்தில் இறங்கிச் சரிபார்ப்பதே அறிவுடைமை. ஒரே சாட்சியின் சொல்லைக் கொண்டு தீர்ப்பளிக்க நாம் தயங்குவதில்லையா? வானிலும் அதுவே முறை.

இரு துயரங்கள்

1978-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் இரவு. பம்பாயிலிருந்து துபாய்க்கு ஏர் இந்தியாவின் 'எம்பரர் அசோகா' என்னும் போயிங் 747 புறப்பட்டது. கடலைத் தாண்டியதும் வலப்புறம் திரும்பிப் பின் நேரானது. ஆனால் தலைமை விமானியின் தொடுவானங்காட்டி, விமானம் இன்னும் வலப்புறம் சாய்ந்திருப்பதாகவே காட்டிற்று. கீழே கருங்கடல், மேலே கருவானம். அவர் அதனை நம்பி இடப்புறம் சாய்த்தார். துணை விமானியின் முன் ஒன்றும், மாற்றாக மற்றொன்றும் ஆக வேறு இரு தொடுவானங்காட்டிகள் அங்கே இருந்தன. அவற்றோடு ஒப்பிட்டு மீள்வதற்குள் விமானம் பாந்திராக் கரைக்கு அப்பால் கடலில் வீழ்ந்தது. புறப்பட்டு இரண்டு நிமிடங்கள்கூட ஆகவில்லை. அதிலிருந்த 213 பேரும் மாண்டனர்.

1996 பிப்ரவரியில் டொமினிக்கன் குடியரசிலிருந்து கிளம்பிய பிர்கன்ஏர் நிறுவனத்தின் போயிங் 757-இல் தலைமை விமானியின் வேகங்காட்டி பொய்யுரைத்தது. பல நாட்கள் பறக்காது நின்றிருந்த அவ்விமானத்தின் காற்றுக்குழாயைக் குளவி மண்கூடு கட்டி அடைத்திருக்கக்கூடும் என்பது ஆய்வாளர் முடிவு. ஏற ஏற வேகம் மிகுவதாக முள் காட்ட, உண்மை வேகமோ குறைந்து விமானம் வீழ்ந்தது. 189 உயிர்கள் போயின. நம் வீட்டு நிலையில் குளவி கூடு கட்டினால் நல்ல சேதி வரும் என்று மகிழ்வோம். அதே குளவி அங்கே இத்தனை வீடுகளை இருளாக்கிவிட்டது! ஆகையால்தான் ஒவ்வொரு மாணவனும் பறக்குமுன் விமானத்தைச் சுற்றி நடந்து, அச்சிறு துளைகளைக் குனிந்து பார்க்கக் கடமைப்பட்டவன்.

தாய்க்குச் சொன்ன விடை

வாசகர்களே! இவ்விரு துயரங்களிலும் உண்மை சொன்ன கருவிகள் விமானிகளின் கைக்கெட்டும் தொலைவிலேயே இருந்தன. ஒவ்வொரு முள்ளும் எதனால் அசைகிறது என்று அறிந்தவனே, எது பொய் சொல்கிறது என்பதையும் கண்டுகொள்வான். வணிக விமானி உரிமத்திற்கு நம் நாட்டில் குறைந்தது 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்பது வெறும் கணக்கன்று. அச்சம் பற்றும் நேரத்திலும் கண்கள் தாமே முள்ளுக்கு முள் சென்று ஒப்பிடும் பழக்கம் அவ்வாறுதான் வேரூன்றுகிறது.

அந்தத் தாயிடம் இவ்வாறு சொன்னேன்: "அம்மா, உங்கள் மகன் கண்ணையும் நம்புவதில்லை, ஒரே கருவியையும் நம்புவதில்லை. ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்ட பின்பே நம்புகிறான். 'எல்லாம் தெரியும்' என்று அவன் சொன்னால் அஞ்சுங்கள். 'இன்னொரு முறை பார்த்துவிடுகிறேன்' என்று சொன்னால் நிம்மதியாக உறங்குங்கள்."

அவர் முகம் தெளிந்தது. "அப்படியானால் புறப்படுமுன் அந்தக் குளவிக் கூட்டை மறக்காமல் பார்க்கச் சொல்லுங்கள், ஹஜ்ரத்" என்றார். சொன்னேன். பிறர் உயிரைச் சுமப்பவனுக்கு இதைவிடச் சிறந்த அறிவுரை எனக்கும் தெரியவில்லை.