மணம் நின்றால் முறுக்கின் கணக்கு

மாணவர்களே! சேலத்தை அடுத்த ஆட்டையாம்பட்டி கைமுறுக்குக்குப் பெயர் பெற்ற ஊர். திருமணச் சீருக்கென்று முறுக்குச் சொல்லிவிட்டு, மணம் நின்றதும் "வேண்டாம்" என்றால், வீட்டில் சுடுபவர் என் செய்வார்?

அச்சொல் வந்த வேளையைப் பொறுத்தது இழப்பு. அரிசி மூட்டையிலிருந்தால் கேடில்லை. ஊறிய அரிசியோ காத்திராது. சுட்ட முறுக்கு, ஈரம் புகாத தகரப்பெட்டியில் பல நாள் தாங்கும், கடைக்கு விற்கலாம். மணமக்கள் பெயர் எழுதிய கேக்குக்கு அவ்வாய்ப்பு ஏது!

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 73ஆம் பிரிவில், வாக்குத் தவறியவர் இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்கிறது. இழப்பைக் குறைக்க இருந்த வழிகளையும் கணக்கிற் கொள்ளச் சொல்கிறது. ஆதலின், விற்றுப்பெறக்கூடிய தொகை கழியும். 2020 மார்ச் 25இல் நாடெங்கும் ஊரடங்கு வந்தபோது எவர்மீதும் குற்றமில்லை. அவ்வாறு சரக்கை ஒப்படைப்பதே இயலாதாயின், 56ஆம் பிரிவின்படி ஒப்பந்தம் செல்லாததாகிறது. 65ஆம் பிரிவின்படி முன்பணத்தைத் திருப்பித் தரவேண்டும். அடுப்படியில் நின்றவருக்கு இது கசப்பே.

ஆயினும் சிறு தொகைக்காக நீதிமன்றப் படி ஏறுவோர் யார்? அரிசியை ஊறவைக்குமுன் அரிசி, எண்ணெய், விறகு ஆகியவற்றின் விலையளவு முன்பணம் பெற்று, எந்த நாளுக்குப்பின் மனம் மாறினால் அது திரும்பாது என்பதைச் சீட்டில் எழுதிக் கையொப்பம் வாங்கிக்கொள்ளலாம்.